மாமன் மடி

சிங்கப்பூரில், ஈசூனில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீட்டில், சமையலறை சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான் முகிலன். ஜன்னல் வெயில் அவன் முழங்கால்வரை வந்திருக்கிறது. கீழ்வீட்டில் டிரில் ஓடுகிறது. இரண்டு கையிலும் பைப் ஒட்டும் பசை. அதனால் தரையில் கிடக்கும் போனில் மைக்கை முழங்கையால் தட்டிவிட்டு ஊரிலிருக்கும் தங்கைக்குச் சொல்லச் சொல்ல, அது எழுதிக்கொள்கிறது. "வைதேகி, லீவு இல்லன்னுட்டாங்க. வரிசையா புது பிளாக்குக்குச் சாவி குடுக்குறாங்க, பிளம்பர் ஒருத்தனையும் விடமாட்டாங்களாம். பாப்பா காதுகுத்த இன்னொரு தடவ தள்ளிப்போடாத. ரத்னவேல் மடியில உக்கார வெச்சுக் குத்திடு. சித்தப்பா மவன், அவனும் மாமன்தான?" பதில் உடனே வருகிறது. "கூடப்பொறந்த மாமன் நீ இருக்கறப்ப அவன் எதுக்குண்ணே? உன் சட்டைய அப்பா மடியில விரிச்சு, அதுமேல உக்கார வெக்கலாம்னு அம்மா சொல்லுது. எந்தச் சட்டை, நீலமா, கட்டம் போட்டதா?" மறுபடி மைக்கைத் தட்டுகிறான். டிரில் நின்றிருக்கிறது. நீலம் என்று சொன்னால் போதும். சற்றுப் பொறுத்துவிட்டு மைக் தானாகவே அணைகிறது.