ஆள் பெயர் வேண்டாம்

"மெதுவாப் பேசுங்கடி, சாவிக்காரரு முழிச்சுத்தான் கெடக்காரு" என்றாள் கருப்பம்மாள்.

சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தில் சாய்ந்து கருப்பம்மாள். தண்ணீர் டிரம்மை ஒட்டிக் காலை நீட்டிக்கொண்டு மாடத்தி. இருவருக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் வேல்விழி, மடியில் நோட்டு. பத்தடி தள்ளி, சுவர் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார் ஃபோர்மேன் சங்கிலிமுத்து. அவர் இடுப்புக் கயிற்றில் அந்தச் சாவி.

பட்டாசு பேக்கிங் ஷெட்டின் பின்வாசல் சாவி. வெடிப்பெட்டி திருட்டுப் போகிறது என்று முதலாளி சொன்னதிலிருந்து, தினமும் எல்லாரும் உள்ளே போனதும் அந்தக் கதவைப் பூட்டிவிடுவார். போன வாரம் பக்கத்து ஷெட்டில் புகை கிளம்பியபோது முப்பது பேரும் ஒற்றை முன்வாசலில் முட்டி மோதினார்கள். நல்லவேளை, புகையோடு போயிற்று. மாடத்தியின் முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை. 2006 தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் வேலை பாக்கி.

அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம். பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கிற மேலாபீஸ் வடக்கே இருக்கிறது. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். தபாலில் பி.ஏ. படிக்கிறவள் வேல்விழி ஒருத்திதான்.

"தி டோர் மே பி ஓப்பன்ட்" என்று வாசித்தாள். "கதவு திறக்கப்படலாம்."

"லாமா?" மாடத்தி நிமிர்ந்தாள். "லாம்னு எளுதுனா அவுக தீபாவளி கழிச்சுத் தொறப்பாக. கட்டாயம்னு எளுது."

"அப்ப மே-யை எடுத்துட்டு மஸ்ட் போடணும் மதினி. தி டோர் மஸ்ட் பி ஓப்பன்ட். திறக்கப்பட வேண்டும்."

"அது! சும்மா நறுக்குன்னு இருக்கு."

"பூட்டுறது யாருன்னு எளுதலியா?" என்று கிசுகிசுத்தாள் கருப்பம்மாள்.

"வேண்டாம் மதினி. இப்படி எளுதுனா ஆள் பெயரே வேண்டாம். அவரு பேரும் வராது, நம்ம பேரும் வராது. அதான் இதுல சௌகரியம்."

நோட்டின் மேல் நிழல் விழுந்தது. சங்கிலிமுத்து நின்றிருந்தார்.

"என்ன தாயி, கூட்டம்?"

"ப... பரீட்சைக்குப் படிக்கேன் அண்ணாச்சி."

அவர் நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார். "மஸ்ட் பி ஓப்பன்ட்... ஷுட் நாட் பி லாக்ட்... கேன் பி கெப்ட் ஓப்பன்... எல்லாம் கதவாவே இருக்கு? உங்க புஸ்தகத்துல வேற சாமானே கெடையாதா?"

மாடத்தி தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நானும் பத்தாப்பு வரைக்கும் படிச்சவன்தான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான்னு சொல்லிக் குடுத்தாக. இதுல ராவணன் இருக்கான், ராமனைக் காணோமே?"

"ஆளைச் சொல்லாம விடலாம் அண்ணாச்சி. தப்பில்லை."

"விடலாமா, விடணுமா?"

வேல்விழி நோட்டை வாங்கக் கை நீட்டினாள். அவர் அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பாத்துட்டுத் தாரேன்" என்று போய்விட்டார்.

"போச்சு பொளப்பு" என்றாள் கருப்பம்மாள். "சாயந்தரம் கணக்கை முடிச்சு அனுப்பிருவாக."

மத்தியானம் மறுபடி ஷெட்டுக்குள் போனார்கள். வேல்விழி லேபிள்களை ஒட்டிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை பிடரியில் ஜில்லென்று காற்றுப் பட்டது. முதுகுப் பக்கம் ஆளுயரத்துக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்ததால் பின்னால் எதுவும் தெரியவில்லை. பயத்தில்தான் உடம்பு குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயந்தரம் மூவரும் விஸ்வநத்தம் பஸ் ஸ்டாப்பில், தபால் பெட்டிப் பக்கத்தில் நின்றார்கள். சங்கிலிமுத்துவின் மொபெட் வந்து நின்றது. கையில் ஒரு கவர்.

"விலாசத்தை எளுது தாயி" என்று பேனாவை நீட்டினார்.

"எந்த விலாசம் அண்ணாச்சி?"

"நீ எளுத நெனச்ச விலாசந்தான்."

தபால் பெட்டி மேல் கவரை வைத்து எழுதினாள். பிறகு அவர் அந்தத் தாளைப் பிரித்துக் காட்டினார். அவள் எழுதிய மூன்று வரிகளும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, பள்ளிக்கூடத்துக் கோணல் இங்கிலீஷ் எழுத்தில் நாலாவதாக ஒரு வரி: தினமும் இந்தக் கதவு என்னால் பூட்டப்படுகிறது, சங்கிலிமுத்து, ஃபோர்மேன்.

"அண்ணாச்சி, உங்க வேலை..."

"பெயரில்லாத கடுதாசிய எவன் மதிப்பான்? போன வாரம் முப்பது பேரு முட்டுனீகளே, அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. எப்படி எளுதணும்னுதான் தெரியாமக் கெடந்தேன்."

திரும்பி நின்றுகொண்டு தாளைக் கவருக்குள் வைத்தார். காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்திருந்த லேபிள் பசையைத் தடவி அழுத்தி ஒட்டினார். பெட்டிக்குள் போட்டார்.

ணங்கென்று சத்தம் கேட்டது.

"இதென்ன, கடுதாசி விளுற சத்தமா?" என்றாள் மாடத்தி.

வேல்விழி அவர் இடுப்பைப் பார்த்தாள். கயிறு மட்டும் இருந்தது. மத்தியானம் பிடரியில் பட்ட காற்று எந்த வாசல் வழியாக வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.