தெரியலைனா நிறுத்து

ரங்கநாயகியின் கணினித் திரை திறந்தே கிடந்தது.

டீ குடிக்கப் போயிருந்தாள். மேசையில் மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது.

அவன் நின்றபடியே படித்தான். முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. கணினிக்கு எழுதும் கோடாக இருந்தாலும் உதடு அசையாமல் அவனுக்குப் படிக்க வராது.

ரங்கநாயகிக்கும் அந்த வயதில்தான் வந்தது. அதே மாலை வகுப்பு. பகலில் ஒரே பட்டறை, ஒரே பெஞ்சு, இரண்டு பேரும் மோட்டாருக்குக் காயில் சுற்றினார்கள். மோட்டாரைத் தானே ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலரைப் பட்டறை செய்ய ஆரம்பித்து, அதற்கு நிரல் எழுத ரஸ்ட் என்ற கணினி மொழி படிக்க முதலாளி ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் அவன்தான். வாம்மா பார்த்துக்கலாம் என்று அவளைக் கூட இழுத்துப்போனதும் அவன்தான்.

இப்போது பட்டறையில் பேசிச் சிரிக்கிறார்கள், ரங்கநாயகி எழுதினால் மோட்டாரே எழுந்து நின்று கேட்கும் என்று.

அவன் எழுதினாலும் ஓடத்தான் செய்கிறது.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சென்சார் சொல்லும். சில நேரம் சொல்லாது. அதனால் அந்த மொழி எண்ணை நேராகக் கையில் தராது. மூடிய டப்பாவில் வைத்துத் தரும். உள்ளே எண் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் வழி எழுதிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. அன்ராப். உள்ளே கட்டாயம் இருக்கிறது என்று சத்தியம் செய்து டப்பாவை உடைப்பது. இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். ஓடுகிற மோட்டாரை நிறுத்த ஆள் இருக்காது.

அவன் கோடில் பதினோரு அன்ராப்.

காலையில்தான் முதலாளி சொன்னார், மதியச் சோதனையில் சென்சார் கம்பியை உருவிவிடப் போகிறாராம். யார் கோடு தாங்குகிறதோ அவருக்குக் கோடு மேசை. மற்றவர் காயில் பெஞ்சுக்கே திரும்ப வேண்டியதுதான்.

அவனுடையது நேற்றே கன்ட்ரோலர் போர்டில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது. அவளுடையது இன்னும் ஏறவில்லை.

குற்றம் தேடினான். ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு வழி. ஒன்றைக்கூட விடவில்லை பாவி.

விசைப்பலகையை இழுத்தான்.

மோட்டாரை நிறுத்தும் மூன்று வரியை அழித்தான். அன்ராப் என்று அடித்தான். கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவ்வளவு சுலபம்.

அழித்த இடத்துக்கு மேலே ஒரு குறிப்பு மிச்சமிருந்தது. கம்பைலர் படிக்காத வரி. தமிழில், அவள் தனக்காக எழுதி வைத்தது.

'தண்ணி இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேற. தெரியலைனா நிறுத்து. பெஞ்சுல கூட இருந்தவரு சொன்னது.'

சென்சார் அறுந்து, வெறுமனே ஓடிக் கருகிய மோட்டார் ஒன்றைப் பெஞ்சில் பிரித்தபோது அவன்தான் சொல்லியிருப்பான். சொன்னவன் மறந்துவிட்டான்.

இதை எழுதாமலாவது இருந்திருக்கலாம் அவள்.

வாசலில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

செய்ததைத் திருப்பும் விசையை அழுத்தினான். இன்னொரு தடவை. மூன்று வரியும் திரும்பி வந்தன.

மதியம் எல்லோரும் சோதனைக்கான தண்ணீர் டிரம்மருகே கூடினார்கள். இரண்டு போர்டு, இரண்டு மோட்டார். யாருடையதை முதலில் பார்ப்பது என்று முதலாளி கேட்டார். ரங்கநாயகி வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்.

"என்னுதெ உருவுங்க."

கம்பி வந்தது.

மோட்டார் நிற்கவில்லை.

டிரம்மில் தண்ணீர் இறங்கியது. தீர்ந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் மெலிந்து, கூராகி, கீச்சிட்டது. முதலாளி போர்டைப் பார்த்தார். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

காயில் சுற்றியவர்களுக்குத் தெரியும் அந்தச் சத்தம். பத்து எண்ணுவதற்குள் கருகும்.

அங்கே அது இரண்டு பேருக்குத் தெரியும்.

மெயின் சுவிட்சுக்கு அவன் கை போவதற்குள் இன்னொரு கை அதை இறக்கியிருந்தது.

அதிலும் அவள்தான் முந்தினாள்.