ஒற்றை நட்சத்திரம்

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்மா. ஒவ்வொரு விரலா ஒடைப்பேன்" என்றான் டிரம்மர்.

பாடகனின் அம்மா டீ தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். மகன் தன்னைத்தானே முடித்துக்கொண்டு இருபது நாளாகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கிடாரோடு கிளம்பிப் போனவன், இன்று காலை மூன்று அட்டைப் பெட்டிகளாக வந்து சேர்ந்திருந்தான். மூன்று மாடியும் சுமந்து வந்தது டிரம்மர்தான்.

அவன் தேடிக்கொண்டிருந்தது 'கொட்டாவி' என்கிற புனைபெயரில் எழுதும் ஆளை. இவர்களைப் போன்ற சின்ன இசைக்குழுக்களை ரேடியோ சீந்தாது. இசை விமர்சனத் தளத்தில் நாலு பேர் நல்லதாக எழுதினால்தான் ஐந்தாவது ஆள் காது கொடுப்பான். அங்கேதான் இந்தக் கொட்டாவி, பாட்டு வெளியான பத்தாவது நிமிஷம் ஒற்றை நட்சத்திரத்தோடு சனியன் மாதிரி வந்து உட்கார்ந்துவிடுவான். பதினாலு பாட்டில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

"மத்தவங்க திட்டினா சிரிச்சுட்டுப் போயிடுவாம்மா. இவன் எழுதினதை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தான்."

"அப்படி என்னதான் எழுதினானாம்?" அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"மூணாவது வரியில மூச்சு இழுக்குது, இந்த நெஞ்சை வச்சுக்கிட்டுப் பாட வரலாமா, போய் வேற வேலையைப் பாருன்னு. ஆறு வருஷமா அவன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வாசிச்சவன் நான். எனக்கே அது கேட்டதில்ல."

"சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு இழுப்பு உண்டு" என்றாள் அம்மா. "குளிர் ஆகவே ஆகாது."

கடைசி வாரம் பாடகன் மைக் முன்னால் வாயைத் திறந்துவிட்டு, மூச்சு வருமா வராதா என்று பயந்தே பாதியில் நிறுத்தினான். அதை இவளிடம் சொல்ல டிரம்மருக்கு மனம் வரவில்லை. பெற்ற வயிறு இன்னும் எவ்வளவுதான் தாங்கும்.

"போட்டிக் குழுவில ஒரு கிடார்காரன் இருக்காம்மா. எனக்கு அவன் மேலதான் சந்தேகம். பேரைச் சொல்ல மாட்டோம்னுதான் தளத்துக்காரங்க முதல்ல சொன்னாங்க. கால்ல விழாத குறையாக் கேட்டேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க."

"இப்பவும் எழுதறானா?"

"எங்க எழுதறது? இவன் போன அன்னியோட அவனும் நிறுத்திட்டான். பயந்தாங்கொள்ளி."

அம்மா முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

தம்ளர் பக்கத்தில் கிடந்த அவனுடைய போன் அதிர்ந்தது. தளத்திலிருந்து மின்னஞ்சல்.

அவன் எடுப்பதற்குள் அம்மா தன் உள்ளங்கையைப் போன் மேல் வைத்து அழுத்தினாள். அவள் அழவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"பாட்டை விட்டுட்டா, வீட்டுக்கு வந்துடுவான்னு நெனச்சேன்ப்பா."