ஏழு முறை பறந்தவரின் யோசனைகள்

காரில் ஏறியதிலிருந்து அண்ணன் வாயை மூடவில்லை. வீட்டில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, ஏழு முறை பறந்தவர் சும்மா இருக்க முடியுமா?

“மாப்ளே, பெல்ட்டு, வாட்ச் எல்லாத்தையும் வரிசையில நிக்கும்போதே கழட்டிடுங்க. பாஸ்போர்ட் கையிலயே இருக்கட்டும்.”

“மச்சான், அது வந்து...”

“நடுவுல பேசாதீங்க. கேட் நம்பர் திடீர்னு மாறும். போர்டைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

பின்சீட்டில் குழந்தையோடு இருந்த தங்கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், அவளுக்கு இதெல்லாம் என்ன புரியும்?

விமான நிலைய வாசலில் அவள் குழந்தைக்கு முத்தம் கொடுத்து, கணவரின் தோளில் சாய்த்தாள். காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி பெட்டியோடு உள்ளே போனாள்.

“மாப்ளே, நீங்க போகலையா?”

“வேலை கிடைச்சது உங்க தங்கச்சிக்குத்தான் மச்சான். அதைச் சொல்ல மூணு தடவை போன் பண்ணா. நீங்க பேசி முடிக்கவே இல்லையாம்.”