நட்டுக்குத்தலாக நிற்கும் கம்பி

சன்னல் வெயில் தையல் மெஷின் மேல் சரிந்து கிடக்கிறது. அவள் மிதிக்க மிதிக்க மிதிபலகை கம்பியைத் தள்ளுகிறது, கம்பி பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது, பெல்ட் மேலே சின்னச் சக்கரத்தை இழுக்க ஊசி தடதடக்கிறது. எதிரே கணவன் துணி வெட்டுகிறான். நேற்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சட்டென்று கம்பி நட்டுக்குத்தலாக நின்றுவிடுகிறது. இனி எவ்வளவு மிதித்தாலும் நகராது, சின்னச் சக்கரத்தைக் கையால்தான் தள்ளிவிட வேண்டும். அவள் கைகளோ ஊசிக்கடியில் உள்ள பாவாடைச் சுருக்கை விட முடியாமல் பிடித்திருக்கின்றன. அவன் கத்தரியை வைத்துவிட்டு வந்து, சக்கரத்தில் விரல் பதித்துப் பின்பக்கமாகத் திருப்பப் போகிறான். “ஐயோ, அந்தப் பக்கம் இல்லீங்க, நூல் அறுந்துடும்! இத்தனை வருஷமா கடை வச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?” சக்கரத்தைச் சரியான பக்கம் மெல்லத் தள்ளிக்கொண்டே அவன் சொல்கிறான்: “தெரியுமே.”