மைனஸ் பதினெட்டு

“அக்கா, கோல்டு ரூம் கதவ இழுத்துப் பாருங்க.”

போனில் டெக்னீஷியன் காளிதாசன். மலேசியாவின் கோலா கெடா மீன் கிடங்கின் கிளார்க் குணசுந்தரி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

“வரல தம்பி. ஓரமெல்லாம் ஐஸ் பிடிச்சிருக்கு. நீ வேலைய முடிச்சிட்டு கதவத் திறந்துபோட்டுட்டுப் போயிட்ட. நான்தான் வந்து சாத்துனேன்.”



“கன்ட்ரோலர்ல ஈரப்பதம் எவ்வளவு?”

“தொண்ணூத்தி ரெண்டு. டெம்பரேச்சர் மைனஸ் பதினெட்டு.”

“அந்த ஈரந்தான் உறைஞ்சிருக்கு. டீஃப்ராஸ்ட் பட்டன அமுக்கிப் பிடிங்க. கதவு ஓரத்து ஹீட்டரும் ஓடும், ஐஸ் இளகிரும்.”

“ஹீட்டரா? உள்ள ரெண்டு டன் இறால் இருக்கு லா! பாஸ் என்னைய உரிச்சிருவாரு. நீயே திரும்பி வந்து பாரு.”

“அமுக்குங்கக்கா. என் போன்ல பேட்டரி இல்ல.”

அழுத்தினாள். மைனஸ் பதினைந்து. பதினொன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. எட்டுக்கு வந்ததும் அலாரம் அலறியது. பயந்துபோய் அணைக்கக் கையை நீட்டினாள்.

“தொடாதீங்க! இப்ப இழுங்க!” என்று கத்தினான் காளிதாசன். அதோடு போன் செத்துப்போனது.

காலை ஊன்றி இழுத்தாள். சடசடவென்று ஐஸ் உடைந்து கதவு திறந்தது.

இமையெல்லாம் வெள்ளை பூத்து, செத்த போனைக் காதில் வைத்தபடி உள்ளே நின்றிருந்தான் காளிதாசன்.

“அடப்பாவி! மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா… கை நடுங்கி வேற பட்டன அமுக்கியிருப்பீங்கக்கா” என்றான், பற்கள் தந்தியடிக்க.