தேய்மானம்

“பல்வலின்னு சொல்லிட்டுப் பத்து நாளாப் பொறந்த ஊட்ல உட்கார்ந்திருக்கற பொண்ணை நீங்க எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா, டாக்டர்?”

டாக்டர் பிரீத்தி கையுறையை மாட்டி முடிப்பதற்குள் மயிலம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

சாய்வு நாற்காலியில் கிடந்த மகள் சரிதா, மேலே எரிந்த விளக்கைப் பார்த்தபடி இருந்தாள். முப்பத்திரண்டு வயது. திருச்செங்கோட்டில் வாக்கப்பட்டு ஒன்பது வருஷம்.

“இவளுக்கு எப்பவும் ஏதாவது ஒரு வலிங்க. போன தடவை வந்தப்பத் தலைவலி. அதுக்கு முந்தி காதுவலி, கழுத்துவலி. ரெண்டு நாளு படுத்துக் கெடப்பா. நானே கொண்டுபோய் பஸ் ஏத்தி உட்டுட்டு வருவேன். இப்பப் பல்லு. புடுங்கறதோ அடைக்கறதோ, இன்னிக்கே செஞ்சு உட்டுருங்க. சாயங்காலம் இவ ஊட்டுக்காரர் ஊடு போய்ச் சேரணும்.”

“எதுக்குங்கம்மா அவ்வளவு அவசரம்?”

“சம்பந்தியம்மா ஒரு நாளைக்கு மூணு தடவை போன் பண்றாங்க. பத்து நாளுங்க! பொழைக்கத் தெரியாம வந்துட்டான்னு எங்க சூரமங்கலம் பூராப் பேசாது? மாப்பிள்ளைக்குப் போர்வெல் போடற ரிக் வண்டி ரெண்டு ஓடுது. குடியில்ல, சீட்டாட்டமில்ல. என்னங்க கொறை இவளுக்கு?”

பிரீத்தி சரிதாவின் பக்கம் குனிந்தாள். “இனிப்பு நிறையச் சாப்பிடுவீங்களா?”

“கமர்கட்டுன்னா உசுருங்க, சின்னதுல இருந்தே,” என்று முந்திக்கொண்டாள் தாய். “ராத்திரி ஒருக்காப் பல்லு வெளக்குன்னா காதுலயே வாங்க மாட்டா.”

“அவங்களே சொல்லட்டுமேம்மா.”

“வாயைத் தொறந்து வெச்சிருக்காளே, எப்படிங்க சொல்லுவா?”

பிரீத்தி சிரித்துவிட்டாள். சரிதாவும் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே முகம் சுருங்கி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள் பிரீத்தி. எக்ஸ்ரே எடுத்தாள். எடுத்ததை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

“சொத்தை ஒண்ணுகூட இல்லீங்களே.”

“பார்த்தீங்களா! நான் நெனைச்சேன்.” மயிலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “எந்திரி புள்ள. மூணு மணி பஸ்ஸைப் புடிச்சிரலாம்.”

“உட்காருங்கம்மா. வலி பொய்யின்னு நான் சொல்லலையே.” சின்னக் கண்ணாடியை மகளின் வாய்க்குள் பிடித்து, தாயைக் கிட்டே கூப்பிட்டாள். “இந்தக் கடைவாய்ப் பல்லெல்லாம் மேடும் பள்ளமுமா இருக்கணும். கொத்தாத அம்மி மாதிரி வழுவழுன்னு கெடக்குது பாருங்க. ரெண்டு பல்லுல குறுக்கால விரிசல் வேற. அறுபது வயசுல இருக்க வேண்டிய தேய்மானம் இது. நீங்க சொன்ன தலைவலி, காதுவலி எல்லாம் இதோட சேர்ந்து வர்றதுதான்.”

மயிலம்மாள் குனிந்து பார்த்தாள். பால் பல் முளைத்தபோது விரலை விட்டுத் தடவிப் பார்த்த வாய். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் உள்ளே பார்க்கிறாள்.

“எப்படிங்க தேஞ்சுது?”

“பல்லோட பல்லை வெச்சு அரைக்கறாங்க. தூக்கத்துல பல பேரு செய்வாங்க. இவங்க முழிச்சிருக்கும்போதும் செய்யறாங்க. எங்கிட்ட வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு இப்படித்தான், எல்லாம் முத்தினதுக்கு அப்புறம் வர்றாங்க. பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தர்றேன். அளவெடுத்துப் பொருத்திச் சரி பார்க்க ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

“ரெண்டு வாரமா! அதெல்லாம் ஆகாதுங்க.”

பிரீத்தி அதைக் காதில் வாங்கவில்லை. “சரிதா, இந்தப் பழக்கம் எப்ப ஆரம்பிச்சுது? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

சரிதாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“கல்யாணமாகி மூணாம் மாசமுங்க. கொழம்புல உப்பு கம்மின்னு அவரு தட்டைச் சுவத்துல வீசினாரு. நான் பயந்துபோய் அம்மா ஊட்டுக்கு ஓடியாந்துட்டேன். ‘தட்டைத்தானே வீசினாரு, உன்னையா வீசினாரு’ன்னு அம்மா கேட்டாங்க. ‘பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு சாமி, எல்லாம் சரியாப் போயிடும்’னு சொல்லி பஸ் ஏத்தி உட்டாங்க.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. மாத்திரையை எத்தனை வேளை போட்டேன் என்று டாக்டரிடம் ஒப்பிக்கிற குரல்.

“அதுல இருந்துதானுங்க.”

ஒன்பது வருஷத்தில் மகளை ஏற்றிவிட்ட பஸ்களை மயிலம்மாள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

அவள் பைக்குள் போன் அடித்தது. சம்பந்தி முத்தாயம்மாள்.

“சொல்லுங்க சம்பந்தி… ஆமாங்க, பல் டாக்டர்கிட்டதான் இருக்கோம்… இல்லீங்க, இன்னிக்கு வரமாட்டா… எப்பன்னு எனக்குத் தெரியாதுங்க. அவளுக்கு வரணும்னு தோணணுமில்லீங்க?”

போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியின் அருகே போய் நின்றாள்.

“ஊரு ஒலகத்துல எல்லாத் தாயும் சொல்றதுதானே சாமி? நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அதைப் போயி…”

சரிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குன்னு அங்க அந்தப் பேச்சு ஒண்ணுதாம்மா இருந்துச்சு.”